சாரைப்பாம்பும் தயிர்ச்சட்டியும் மென்பொருளும்

தமிழ்ப் பாடத்தில் தொகைநிலைத் தொடர்கள் படித்த மாணவிகளுக்கு, மென்பொருள் வடிவமைப்பில் உள்ள ஒரு பெரிய கேள்வி ஏற்கனவே பாதி தெரியும். தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் இதை நான் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த ஆண்டு எமது கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, கணினியைப் பற்றியும் இலக்கணத்தைப் பற்றியும் ஒன்றாகவே எழுதலாம் என்று எண்ணினேன்.

‘சாரைப்பாம்பு’ என்பதை விரித்தால் ‘சாரை ஆகிய பாம்பு’ என்று வரும். இது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும். ‘தயிர்ச்சட்டி’ என்பதை விரித்தால் ‘தயிரை உடைய சட்டி’. இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. முதலாவதில் சாரையும் பாம்பும் ஒரே உயிர்தான். அதிலிருந்து பாம்பைக் கழித்துவிட்டால் சாரையும் இல்லை. இரண்டாவதில் தயிர் வேறு, சட்டி வேறு. தயிர் தீர்ந்த பின்னும் சட்டி இருக்கும். கழுவி எடுத்து அதிலே பூச்செடியும் நடலாம்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டியதும் இதுதான். இரண்டு விடயங்களை இணைக்கும்போது அங்கே மறைந்திருப்பது ‘ஆகிய’வா, ‘உடைய’வா? ‘ஆகிய’ என்றால் மரபுரிமை. ‘உடைய’ என்றால் சேர்க்கை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் பிழையானதைத் தெரிவு செய்தால் அதன் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் மென்பொருளை எழுதியவர் அல்லர், அதைப் பாவிப்பவர். எப்படி என்று பின்னர் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாடநூலில் ‘வகுப்பு’, ‘பொருள்’ என்ற சொற்கள் வரும். பரீட்சையில் அவற்றையே எழுதுங்கள். ஆனால் பாடசாலைச் சஞ்சிகையில் ‘வகுப்பு’ என்றால் எல்லோருக்கும் தரம் 10 ‘அ’ பிரிவுதான் ஞாபகத்துக்கு வரும். ஆகவே இங்கே ‘அச்சு’ என்று எழுதுகிறேன். கொக்கிஸ் சுடும் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு ஒன்றுதான், மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொக்கிஸ் கிடைக்கிறது. ‘மாணவி’ என்பது ஓர் அச்சு என்றால், சேர்விலக்கம் 8412 உடைய மாணவியின் பதிவு ஒரு கொக்கிஸ்.

இந்தச் சிந்தனை நோர்வேயில் பிறந்தது. ஒஸ்லோ நகரின் நோர்வேக் கணினி மையத்தில் ஒலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவரும் நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதற்காக ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதன் 1967ஆம் ஆண்டு வடிவமான ‘சிமுலா 67’இல்தான் ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சைப் பெறும் முறை வந்தது. லொறி ஒரு வாகனம் ஆகும், பேருந்து ஒரு வாகனம் ஆகும். எனவே வாகனத்துக்குரியதை ஒரு தடவை எழுதிவிட்டு, லொறிக்கும் பேருந்துக்கும் உரிய வேறுபாட்டை மட்டும் தனித்தனியே எழுதினால் போதும். இவ்விருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, சில வார இடைவெளியில், இருவரும் காலமானார்கள்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. மரபுரிமை என்றதும் நிலபுலம், சொத்துப் பிரிவினை ஞாபகம் வரும். ஆனால் இது வேறு. சொத்தை ஒருமுறை பெற்றுக்கொண்டால் அது பிள்ளையுடையது, அதன் பின் தாய்வீட்டில் என்ன மாற்றம் நடந்தாலும் பிள்ளையின் காணி மாறாது. செய்நிரலில் அப்படியல்ல. தாய் அச்சு உயிரோடு இருந்துகொண்டே இருக்கும். அதில் இன்று ஒரு வரியை மாற்றினால், அதிலிருந்து வந்த எல்லாச் சேய் அச்சுகளும் இன்றே மாறும். இது பெரிய வசதி. பெரிய ஆபத்தும் இதுவேதான்.

தரம் 12 மாணவிகளுக்கு நான் கொடுக்கும் செயற்றிட்டம், ஒரு பாடசாலை நூலகத்துக்கான இரவல் பதிவு மென்பொருள். பைதன் மொழியில் எழுதுவார்கள். இரண்டு குழுக்கள், ஒரே தேவைப் பட்டியல். சாதாரண மாணவி இரண்டு நூல்களை 14 நாட்களுக்கு எடுக்கலாம். உயர்தர மாணவிக்கு நான்கு நூல்கள். மாணவத் தலைவிகளுக்கு இடைவேளையில் கடமை இருப்பதால் நூலைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் கூடுதல் அவகாசம். நூலக உதவியாளர்களாக இருக்கும் மாணவிகள் உசாத்துணை நூல்களையும் ஓர் இரவுக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

முதற்குழு பாடநூலில் உள்ளபடியே தொடங்கியது. ‘மாணவி’ தாய் அச்சு. அதிலிருந்து ‘உயர்தர மாணவி’, ‘மாணவத் தலைவி’, ‘நூலக உதவியாளர்’ என்று மூன்று சேய் அச்சுகள். பலகையில் அழகான ஒரு மரமாக வரைந்தும் காட்டினார்கள். இரண்டாம் குழுவில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள்.

“டீச்சர், மாணவத் தலைவி ஒரு மாணவி ‘ஆகும்’தானா? எனக்கு அது ‘உடைய’ மாதிரித் தெரியுது.”

“மாணவி இல்லாதவ எப்படித் தலைவியா வாறது?” என்று முதற்குழுவிலிருந்து உடனே பதில் வந்தது.

இங்கேதான் தமிழ் உதவிக்கு வந்தது. ‘மாணவத் தலைவி’ என்பதை எப்படி விரிப்பது? ‘மாணவி ஆகிய தலைவி’ என்று விரிக்கலாம். ‘மாணவர்க்குத் தலைவி’ என்றும் விரிக்கலாம். ‘தலைமையை உடைய மாணவி’ என்பதும் பொருந்தாமல் இல்லை. ஒரே தொகையைப் பலவாறு விரிக்க இடமுண்டு என்பதை எமது இலக்கண நூலார் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆகவே பெயரை மட்டும் பார்த்து ‘ஆகிய’வா ‘உடைய’வா என்று முடிவு செய்ய முடியாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பல பாடநூல்கள் ‘இது அதுவாகுமா என்று சொல்லிப் பாருங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தச் சோதனை அவசியம்தான், ஆனால் போதாது என்பது என் கருத்து.

நான் மாணவிகளிடம் இரண்டாவது ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்வேன். இந்த உறவு, அந்தப் பொருள் இருக்கும் காலம் முழுவதும் மாறாமல் இருக்குமா? சாரை முட்டையிலிருந்து வந்த நாள் முதல் இறக்கும் வரை பாம்புதான். மாணவத் தலைவி அப்படியா? சின்னம் சூட்டும் விழா நடக்கும் வரை அவள் சாதாரண மாணவி. அடுத்த ஆண்டு சின்னத்தைக் கழற்றிக் கொடுத்த பின்னும் மாணவி. நடுவிலே மட்டும் தலைவி. அணிவதும் கழற்றுவதுமாக இருப்பது ‘உடைய’தான்.

அடுத்து எண்ணிக்கை. எங்கள் நூலகப் பொறுப்பாசிரியை வந்து சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: “தலைவியாவும் நூலக உதவியாளராவும் இருக்கிற பிள்ளைக்கு எது?” முதற்குழு ‘தலைவி-உதவியாளர்’ என்று நான்காவது சேய் அச்சை வரைந்தது. அவள் உயர்தர மாணவியாகவும் இருந்தால்? இன்னொன்று. மூன்று தனிச் சலுகைகள் இருந்தால், இருத்தல் இல்லாமை என்று எல்லாச் சேர்மானங்களுக்கும் இரண்டை மூன்று தடவை பெருக்க வேண்டும், எட்டு அச்சுகள். விடுதி மாணவிகளுக்கு விடுமுறை இரவல் என்று நான்காவதாக ஒரு சலுகை வந்தால் பதினாறு. பலகையில் இருந்த அழகான மரம் அரை மணித்தியாலத்தில் சுண்டிக்குளத்துக் கண்டல் காடு போலாகிவிட்டது.

பைதனில் ஒரு சேய் அச்சுக்கு இரண்டு தாய்மார் இருக்கலாம் அல்லவா என்று நன்றாகப் படிக்கும் மாணவி கேட்பாள். இருக்கலாம். இரு தாய்மாரிடமும் ஒரே பெயரில் ஒரு செயல் இருந்து, இரண்டும் வெவ்வேறு விடை தந்தால், எழுதிய வரிசையில் முன்னால் நிற்பவரின் விடையே வெல்லும். பெயர்களை இடம் மாற்றி எழுதினால் ஒரு மாணவியின் தவணைத் திகதி மாறிவிடும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஜாவா மொழியை வடிவமைத்தவர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஓர் அச்சுக்கு ஒரு தாய் அச்சுதான் என வரையறுத்துவிட்டார்கள்.

ஆனால் எண்ணிக்கையை விடவும் பெரிய பிரச்சினை, ஆண்டின் நடுவே வரும் மாற்றம். ‘மாணவி’ அச்சில் வார்த்த பதிவு, சின்னம் சூட்டிய மறுநாள் ‘மாணவத் தலைவி’ அச்சில் வார்த்ததாகத் தானாக மாறாது. சுட்ட கொக்கிஸை வேறு அச்சுக்கு மாற்ற முடியாதே! புதிய அச்சில் புதிய பதிவு ஒன்றை உண்டாக்கி, பழையதில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரதி செய்து, பழையதை அழிக்க வேண்டும். அதில் ஒரு படி தவறினால் என்ன ஆகும்?

இது வெறும் பலகைக் கணக்கல்ல. வேறோர் ஊரில் உயர்தரம் முடித்த ஒரு மாணவி, விடுகைப் பத்திரம் பெறப் போனபோது, நூலகத்துக்கு ஒரு நூல் திருப்பித் தரவில்லை என்று அவளது பாடசாலையின் மென்பொருள் காட்டியது. அவள் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நூலும் இறாக்கையில் இருந்தது! ஆனால் பதிவு அவளைக் கடனாளி என்றே சொன்னது. அவள் சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்துக்கு வந்தபோது அவளுக்கு வேறு வகையில் புதிய பதிவு ஒன்று திறக்கப்பட்டிருந்தது. நூலைக் கொடுத்தது புதிய பதிவில் குறிக்கப்பட்டது, எடுத்தது பழைய பதிவிலேயே கிடந்தது. பல்கலைக்கழக விண்ணப்ப நேரம். வாப்பா இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டு அலைந்தார். கடைசியில் நூலகரின் கையெழுத்துப் பதிவேடுதான் அவளைக் காப்பாற்றியது. அந்த மென்பொருளை யார் எழுதினார்கள் என்பது எனக்குத் தேவையில்லை. ஒரு பிள்ளை உயர்தரத்துக்கு வருவதை ‘வேறோர் ஆளாக ஆவது’ என்று யாரோ வடிவமைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் குழு என்ன செய்தது? ‘மாணவி’ என்று ஒரே ஓர் அச்சு. அதற்குள் ‘சலுகை அட்டைகள்’ என்று ஒரு பட்டியல். தலைவி அட்டை, உதவியாளர் அட்டை, உயர்தர அட்டை என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறிய அச்சு. சின்னம் சூட்டினால் பட்டியலில் ஓர் அட்டையைச் சேர். கழற்றினால் எடு. மாணவியின் பதிவு தரம் 6இல் திறந்த அதே பதிவுதான், இரவல் வரலாறு அப்படியே இருக்கும். எட்டு அச்சுகளுக்குப் பதிலாக நான்கு. நான்காவது சலுகை வந்தால் பதினாறுக்குப் பதிலாக ஐந்து.

இதை வீட்டில் விளக்க விரும்பும் மாணவிகள் தையல் இயந்திரத்தைக் காட்டலாம். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் காலால் மிதிக்கும் பழைய இயந்திரத்துக்கு உம்மாமார் பின்னாளில் ஒரு மின்மோட்டார் பூட்டியிருப்பார்கள். இயந்திரம் அதேதான். ஒரு பட்டி மட்டும் மோட்டாரையும் சில்லையும் இணைக்கிறது. மின்சாரம் நின்றால் பட்டியை மாற்றி மீண்டும் மிதிக்கலாம். மோட்டார் எரிந்தால் மோட்டாரை மட்டும் மாற்றலாம். சில்லைச் சுழற்றுவது கால்தானா, மோட்டார்தானா என்று ஊசிக்குத் தெரிய வேண்டியதில்லை, சில்லு சுழன்றால் போதும். இந்தச் ‘சுழன்றால் போதும்’ என்ற உடன்படிக்கையைத்தான் மென்பொருளில் இடைமுகம் என்கிறோம்.

சேர்க்கை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நூலகப் பொறுப்பாசிரியை அடுத்த கிழமையும் வந்தார். “விடுதி அட்டைக்கு மூன்று நூல், உயர்தர அட்டைக்கு நான்கு. இரண்டும் இருந்தால்?” இரண்டாம் குழு முழித்தது. அட்டைகள் முரண்பட்டால் எதைக் கேட்பது என்ற விதியை யாராவது எழுதத்தான் வேண்டும். பெரிய எண்ணை எடுப்பது என்று முடிவு செய்து ஒரே இடத்தில் எழுதினார்கள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த விதி கண்ணுக்குத் தெரியும் ஓர் இடத்தில் இருக்கிறது. இரு தாய்மார் முறையில் அது பெயர்களின் வரிசைக்குள் ஒளிந்திருந்தது.

இனி, அனுபவசாலிகளே சறுக்கிய ஓர் இடம். 1995இல் வெளிவந்த ஜாவா மொழியின் நூலகத்தில் ‘அடுக்கு’ என்ற ஒரு கருவி உண்டு. அடுக்கு என்றால் சாப்பாட்டுக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல. மேலே வைக்கலாம், மேலிருந்துதான் எடுக்கலாம். நடுவில் கை வைக்கக் கூடாது என்பதே அதன் இலட்சணம். இதை எழுதியவர்கள், ஏற்கனவே இருந்த ‘வெக்டர்’ என்ற பட்டியல் அச்சின் சேயாக இதை அமைத்தார்கள். பட்டியலுக்கோ நடுவில் செருகலாம், நடுவிலிருந்து உருவலாம். சேய் என்றால் தாயின் எல்லாவற்றையும் பெறும் அல்லவா? ஆகவே ஜாவாவின் அடுக்கில் இன்றைக்கும் நடுவிலிருந்து கோப்பையை உருவலாம். ‘அடுக்கு ஒரு பட்டியல் ஆகும்’ என்பது பிழை. ‘அடுக்கு உள்ளே ஒரு பட்டியலை உடையது’ என்பதே சரி. இதைத் திருத்தவும் முடியாது, ஏனெனில் உலகம் முழுவதும் எழுதப்பட்ட செய்நிரல்கள் அதை நம்பியிருக்கின்றன. பின்னர் வேறு கருவி ஒன்றைச் சேர்த்து, புதிதாக எழுதுகிறவர்கள் அதைப் பாவியுங்கள் என்று ஜாவாவின் ஆவணமே அறிவுரை சொல்கிறது. வேண்டாத ஒன்றையும் சேர்த்தே பெற்றுக்கொள்ள வேண்டியிருப்பது மரபுரிமையின் குணம்.

இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. ஜாவாவின் தொகுப்புக் கருவிகளை வடிவமைத்த ஜோசுவா புளொக் 2001இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டினார். ஒரு தொகுப்பில் ‘ஒன்றைச் சேர்’, ‘பலவற்றைச் சேர்’ என்று இரண்டு செயல்கள் உள்ளன. எத்தனை பொருட்கள் சேர்க்கப்பட்டன என்று எண்ண விரும்பும் ஒருவர், சேய் அச்சு ஒன்றை எழுதி, இரண்டு செயல்களிலும் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். மூன்று பொருட்களை ஒன்றாகச் சேர்க்கிறார். எண்ணிக்கை ஆறு என்று வருகிறது! காரணம், தாயின் ‘பலவற்றைச் சேர்’ உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ‘ஒன்றைச் சேர்’ என்பதையே அழைக்கிறது. அந்த அழைப்பு சேயிடம் திரும்பி வந்து, மீண்டும் ஒருமுறை எண்ணப்படுகிறது. தாய் தன் வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறாள் என்பது தெரியாமல் சேயைச் சரியாக எழுத முடியவில்லை. நாளை தாய் தன் வேலைமுறையை மாற்றினால் சேயின் கணக்கு மறுபடியும் மாறும்.

இதையே சேர்க்கையால் செய்தால்? எண்ணும் அச்சு வாசலில் நிற்கும் காவலாளி போல. உள்ளே தொகுப்பை வைத்திருக்கிறது. உள்ளே போவதை வாசலில் எண்ணிவிட்டு உள்ளே அனுப்புகிறது. வீட்டுக்குள் அவர்கள் அறைக்கு அறை எப்படிப் போனாலும் காவலாளியிடம் திரும்பி வரப்போவதில்லை. மூன்று என்றால் மூன்றுதான்.

கணித மாணவிகளுக்கு இன்னொன்று. சதுரம் ஒரு செவ்வகம் ஆகும். இதில் எந்தக் கணித ஆசிரியையும் மறுப்புச் சொல்ல மாட்டார். ஆனால் செய்நிரலில் ‘செவ்வகம்’ அச்சுக்கு அகலத்தை மாற்று, உயரத்தை மாற்று என்ற இரு செயல்கள் இருந்தால், ‘சதுரம்’ அதன் சேயாக இருக்க முடியாது. அகலத்தை 5 ஆக்கி, பின் உயரத்தை 4 ஆக்கிய ஒருவர் பரப்பளவு 20 என்று எதிர்பார்ப்பார். சதுரமோ தன் பக்கங்களைச் சமமாகவே வைத்திருக்க வேண்டியதால் 16 என்று சொல்லும். மாற்றும் செயல்களே இல்லாவிட்டால், அதாவது வரைந்த பின் அளவு மாறாது என்றால், சதுரம் நல்ல பிள்ளையாகச் செவ்வகத்தின் கீழ் இருந்துகொள்ளும். மறுபடியும் காலமும் மாற்றமும்தான் உறவைத் தீர்மானிக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

தாயின் பெயரை நம்பி வந்தவரைச் சேய் ஏமாற்றக் கூடாது என்ற இந்தக் கருத்தை 1987இல் ஒரு மாநாட்டு உரையில் முன்வைத்தவர் பார்பரா லிஸ்கோவ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்நாட்டில் கணினித்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் ஒருவர். 2008ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்குக் கணினித்துறை சரிவராது என்று சொல்லும் உறவினர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் இவரது பெயரைச் சொல்லுங்கள்.

1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜோன்சன், ஜோன் விலிசைட்ஸ் ஆகிய நால்வரும் எழுதிய வடிவமைப்புப் பாங்குகள் பற்றிய நூல் மிகப் புகழ்பெற்றது. இருபத்துமூன்று பாங்குகளை விளக்கும் அந்நூல், மரபுரிமையை விடச் சேர்க்கைக்கு முன்னுரிமை கொடுக்கும்படி சொல்கிறது. அதன் பின் அலை ஒரு பக்கமாக அடிக்கத் தொடங்கியது. 2009இல் கூகுள் அறிமுகப்படுத்திய ‘கோ’ மொழியில் தாய்-சேய் மரபுரிமையே கிடையாது.

இதனால் சில மாணவிகள் மரபுரிமை என்றாலே குற்றம் என்பது போல எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் நூலகத்தில் நூல், சஞ்சிகை, இறுவட்டு என்று மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் தலைப்பு, சேர்வு இலக்கம், இறாக்கை இலக்கம் உண்டு. நூல் ஒருநாளும் இறுவட்டாக மாறப்போவதில்லை. ‘நூலகப் பொருள்’ என்ற தாயின் கீழ் மூன்று சேய்கள் இருப்பதில் என்ன தவறு? இரண்டு படிநிலைக்குள் முடிகிறது, வகைகள் மாறுவதில்லை, தாயையும் சேயையும் எழுதுவது ஒரே குழு. இங்கே சேர்க்கையைப் பாவித்திருந்தால், தலைப்பைக் கேட்டவுடன் ‘உள்ளே இருப்பவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று அனுப்பும் வரிகளை ஒவ்வொரு அச்சிலும் வீணாக எழுத வேண்டியிருக்கும். சேர்க்கை அளவுக்கு மிஞ்சினால், ஒரு சிறிய பிழையைத் தேடி ஏழெட்டு அச்சுகளைத் திறந்து பார்க்க வேண்டி வரும்.

‘உடைய’ என்று தீர்மானித்த பின்னும் ஒரு கேள்வி மிஞ்சும். ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு படித்திருப்பீர்கள். ‘மாணவியின் கை’ என்பது தற்கிழமை, அவளிலிருந்து பிரிக்க முடியாதது. ‘மாணவியின் குடை’ பிறிதின்கிழமை, பிரித்து வைக்கலாம், தோழிக்கு இரவல் கொடுக்கலாம். மென்பொருள் வரைபடங்களில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. முதலாவதற்கு நிறம் நிரப்பிய வைரம், இரண்டாவதற்கு வெற்று வைரம். ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஒரு மாணவி விலகிப்போய், அவளது பதிவை அழிக்கிறோம் என்று வையுங்கள். அவளது சலுகை அட்டைகளும் கூடவே அழியலாம், அவை அவளுக்கே உரியவை. அவள் எடுத்திருந்த நூலின் பதிவும் அழிந்துவிட்டால் நூலகம் ஒரு நூலை இழந்துவிடும். நூல் அவளிடம் இருந்தது, அவளுடையது அல்ல.

செயற்றிட்டத்தின் கடைசி நாளில் நூலகப் பொறுப்பாசிரியை மூன்றாவது முறையாக வந்தார். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பன்னிரண்டு மாதச் சஞ்சிகைகளைச் சேர்த்துத் தைத்து, தடித்த மட்டை போட்டு, ஒரே தொகுதியாக இறாக்கையில் வைப்பார்களாம். “அது நூலா, சஞ்சிகையா?” என்று கேட்டார். ஒரு நிமிடம் முன்பு, எந்த வகையும் இன்னொரு வகையாக மாறாது என்று நானே சொல்லிக்கொண்டிருந்ததால் வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. முதற்குழுவில் மரம் வரைந்த மாணவிதான் எழுந்து வந்து பலகையில் புதிதாகத் ‘தொகுதி’ என்று ஓர் அச்சை வரைந்தாள். மேலே ‘நூலகப் பொருள்’ அச்சுக்கு ஒரு கோடு. தொகுதியும் ஒரு நூலகப் பொருள் ஆகும், இறாக்கை இலக்கம் அதற்கும் வேண்டும். கீழே பன்னிரண்டு சஞ்சிகைகளுக்கு இன்னொரு கோடு, நுனியில் ஒரு வைரம். அதை நிரப்புவதா வெறுமையாக விடுவதா என்று சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தையலைப் பிரித்தால் சஞ்சிகைகள் மறுபடி தனித்தனியாகிவிடும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் சொன்னது. வெறுமையாகவே விட்டாள்.